தட்டி அளந்த மாவு

தம்பி,

ஈப்போவிலிருந்து உன் கடிதம் வந்தது. உறையில் பசை இரண்டு முறை தடவியிருந்தது. நீயே பிரித்து மறுபடி ஒட்டினாயா, இல்லை வழியில் யாராவது பிரித்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. உன் அப்பாவிடம் காட்டினேன். "ஈப்போ போஸ்ட் ஆபீஸ்காரனுக்கு உம் புள்ள கடுதாசியப் படிக்கிறதுதான் வேலையா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார், சிரிப்பு எனக்குத் தெரியக் கூடாதாம். உள்ளே முதல் பத்தி முழுக்க என் முட்டிவலியை விசாரித்திருந்தாய். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஏதாவது வேண்டுமென்றால்தான் உனக்கு என் முட்டி ஞாபகம் வரும். இரண்டாம் பத்தியில் விஷயம் வந்தது. நான் லோகம் வீட்டுக்குப் போய் மாலதியை உனக்குப் பெண் கேட்க வேண்டும். பினாங்கிலிருந்து அவளுக்கு வேறொரு வரன் வந்திருக்கிறது, மாத முடிவுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். நான் போகாவிட்டால் நீ வேறு யாரையும் கட்டிக்கொள்ளப் போவதில்லை.

போனேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஆனால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, நீ அப்படிப் படிக்கிறவன் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டு வாசலை நான் இத்தனை வருஷம் ஏன் மிதிக்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வீட்டுக்கு நீ மாப்பிள்ளையாகப் போகக் கூடாது. உனக்குத் தெரிந்ததெல்லாம் "அம்மாவுக்கும் லோகம் அத்தைக்கும் ஏதோ கேக் சண்டை" என்பதுதான். கேக் சண்டை என்று சிரிக்கிறாய். அது மாவை எப்படி அளப்பது என்ற விஷயம். ஒருத்தி பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்த விஷயமும்கூட.

என்னைச் சந்தேகப் பிராணி என்று நீயும் உன் அப்பாவும் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். பஃபலோ ரோட்டு மாடியில் ஒரே அறையில் குடியிருந்து, ஒருவர் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டியவள் எல்லோரையும் நம்பிக்கொண்டிருந்தால் நீ இந்த உயரம் வளர்ந்திருக்க மாட்டாய். அப்போது தேக்கா சந்தையில் சில்லறையாக வாங்குவதெல்லாம் டின் கணக்குதான். காலியான பால் டின்தான் அரிசிக்கும் பருப்புக்கும் மாவுக்கும் சீனிக்கும் படி. கடைக்காரர் மூட்டைக்குள் டின்னை விட்டு அள்ளும்போது கட்டைவிரல் டின்னுக்கு உள்ளே இருக்கும், அந்த விரல் கனத்துக்குச் சாமான் குறையும். அடி நசுங்கிய டின்னாகப் பார்த்து வைத்திருக்கும் கடைகளும் உண்டு. அதனால் நான் என் வீட்டு டின்னையே கொண்டுபோவேன். ஒரு முறை நிரப்பியதும் குலுக்குவேன், பலகையில் தட்டுவேன், இறங்கிய இடத்தில் மறுபடி போடச் சொல்வேன், மேலே கோபுரமாக நிற்கும்வரை விடமாட்டேன். "அக்கா, டின்ன ஒடச்சிடாதீங்க லா, எம் மூட்டையே உங்க டின்னுக்குள்ள போயிடும் போலருக்கு" என்று கடைக்கார முஸ்லிம் நானா கத்துவார். நீ வெட்கப்பட்டு வெற்றிலைக் கடைப் பக்கம் போய் நின்றுகொள்வாய். வெட்கப்பட வேண்டியவர் அவர்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

லோகம் நம் எதிர் அறைக்குக் குடிவந்தபோது நீ உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். மாலதி அப்போது இரட்டைச் சடை போட்ட வாயாடி. லோகத்தின் புருஷன் சிலேத்தாரில் ஒரு வெள்ளைக்காரப் படை அதிகாரிக்குக் கார் ஓட்டினார். அந்த வீட்டு அம்மா ஊருக்குத் திரும்பும் முன்னால் லோகத்துக்குக் கேக் சுடக் கற்றுக்கொடுத்து, சின்னத் தட்டுத் தராசு ஒன்றையும் அவுன்ஸ் படிக்கற்களையும் கொடுத்துவிட்டுப் போனாளாம். டிரைவர் பெண்டாட்டிக்கு எதற்காகத் தராசைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்? அப்போதே எனக்கு இடித்தது. ஆனால் அவள் கேக்கைக் குறை சொல்ல முடியாது. மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் தகரப் பெட்டியை வைத்து அவள் சுட ஆரம்பித்தால் மாடி முழுக்க வெண்ணெய் வாசனை அடிக்கும். "தீபாவளிக்கு நானும் சுடப்போறேன், அளவைச் சொல்லு லோகம்" என்று ஒருநாள் கேட்டேன். கேட்டதும் சொல்லிவிட்டாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கைப்பக்குவம் உள்ளவர்கள் கொஞ்சமாவது மழுப்புவார்கள். இவள் ஒன்றுமே மழுப்பவில்லையே, எதையோ விட்டுவிட்டுத்தான் சொல்கிறாள் என்று பட்டது.

"எட்டு அவுன்ஸ் வெண்ணெய், எட்டு அவுன்ஸ் சீனி, எட்டு அவுன்ஸ் கோதுமை மாவு, நாலு முட்டைக்கா. உங்ககிட்ட தராசு இல்ல, அதனால டின்னுல சொல்றேன். வெண்ணெய் ஒரு பவுண்டு டின்னுல பாதி. சீனி பால் டின்னுக்குக் கொஞ்சம் தலை கொறையா எடுத்துக்குங்க. மாவு ஒண்ணரை டின்னு" என்றாள். நீயே யோசித்துப் பார். சீனியும் எட்டு அவுன்ஸ், மாவும் எட்டு அவுன்ஸ். சீனிக்கு ஒரு டின்கூட முழுதாக வேண்டாமாம், மாவுக்கு ஒன்றரை டின் வேண்டுமாம். இதைக் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவளிடமே கேட்டேன். "மாவு லேசுக்கா, எடத்த அடச்சுக்கும். சீனி கனம். வாங்க, எந் தராசுல நிறுத்துக் காட்டுறேன்" என்றாள். அவள் தராசில் அவள் கல்லை வைத்து அவள் நிறுப்பதை நான் எதற்குப் பார்க்க வேண்டும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் பொதுச் சமையலறையில் நான் கேக்குக்கு உட்கார்ந்தேன். லோகம் அந்தப் பக்கத்து மேடையில் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சீனியை அளந்தேன். அப்புறம் டின்னில் கோதுமை மாவைப் போட்டேன், குலுக்கினேன், மேடையில் தட்டினேன். நன்றாக இறங்கியது. மேலே போட்டு மறுபடி தட்டினேன். கடையில் செய்வதைத்தான் செய்தேன், கைக்கு வேறொன்றும் தெரியாது. லோகத்தின் கை நின்றது. என் டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பிசைவதைத் தொடர்ந்தாள். நான் அதைப் பார்த்துவிட்டேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கேக் மேலே வெடித்து, உள்ளே இறுகிப்போய் வந்தது. கத்தி பாதியில் மாட்டியது. வேறொன்று சுட வெண்ணெய் இல்லை, நேரமும் இல்லை. தட்டு கொடுக்காமல் இருக்க முடியுமா? வீட்டுக்காரச் சீனக் குடும்பத்துக்கும், கீழ்வீட்டு மலாய்க்காரர்களுக்கும், அப்பா வேலை பார்த்த கிடங்கின் மேலாளருக்கும் முறுக்கோடும் ஓமப்பொடியோடும் அந்தக் கேக்கும் போனது. சீன அம்மா என்னை மாடிப்படியில் மறித்து, "உன் கேக் ரொம்ப ஸ்ட்ராங் லா!" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சந்தோஷமாகச் சொன்னாள். மறுநாள் அப்பா வேலையிலிருந்து வந்து, "மேலாளர் எந்தக் கம்பெனி சிமெண்டுன்னு கேக்கச் சொன்னாரு" என்றார். நீ மட்டும் துண்டு துண்டாகத் தேநீரில் முக்கித் தின்றாய், நல்லா இருக்கிறது என்றுகூடச் சொன்னாய். அதையும் நான் நம்பவில்லை. தீபாவளியன்று மத்தியானமே லோகம் வீட்டுத் தட்டு வந்திருந்தது. அவள் கேக்கை விரலால் அழுத்தினேன், உள்ளே போன இடம் தானாக மேலே வந்தது. நான் அழுதேன். உனக்கு இதைச் சொன்னதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை நாலு வீட்டுக்கு என் கையால் ஒன்று கொடுக்கிறேன், அதையும் இவள் கெடுத்துவிட்டாளே என்றுதான் அழுதேன். மாவை வேண்டுமென்றே கூட்டிச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன்.

ஆனால் நிச்சயம் என்றால் எனக்கு அத்தாட்சி வேண்டும். தீபாவளி முடிந்ததும் ஒரு டின் மாவை வீட்டிலேயே தட்டி நிரப்பி, துணியால் மூடி, சீனக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே கோல் தராசு, நிறை தாயில் கணக்கு. ஆறு தாயில் என்றால் எட்டு அவுன்ஸ் என்பதை முன்பே விசாரித்து வைத்திருந்தேன். டின் கனம் போக என் மாவு ஐந்து தாயில் நின்றது. ஒரே கடையை எப்படி நம்புவது? வீட்டுக்கு வந்து மாவைக் கொட்டிவிட்டு, காலி டின்னோடு நானா கடைக்குப் போனேன். நான் தட்டுவதற்கு இடம் கொடுக்காமல் அவரே மூட்டையிலிருந்து அள்ளிக் கையால் வழித்துத் தராசில் கொட்டினார். நாலு தாயில்தான் இருந்தது. "வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல, எதுக்குக்கா நிறுக்குறீங்க?" என்று கேட்டார். இரண்டு பேரில் ஒருவர் திருடன் என்று முடிவு கட்டினேன். எந்தத் திருடன் என்று பிடிக்க, அடுத்த நாள் சீனியோடு இரண்டு கடைக்கும் போனேன். இரண்டு கடையிலும் ஏழு தாயில். சீனியில் ஒத்துப்போகிற தராசு மாவில் மட்டும் எப்படி ஏமாற்றும்?

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு டின்னில் அரிசியைப் போட்டுத் தட்டினேன். கொஞ்சம் இறங்கியது. சீனியைத் தட்டினேன், இறங்கியதே தெரியவில்லை. மாவைத் தட்டினேன். தட்டத் தட்டப் போய்க்கொண்டே இருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தட்டாமல் ஒன்றரை டின் என்றால் ஆறு தாயில், லோகம் சொன்ன எட்டு அவுன்ஸ் அப்படியே வருகிறது. தட்டி ஒன்றரை டின் என்றால் ஏழரை தாயில், அதாவது பத்து அவுன்ஸ். கால் பங்கு மாவு என் கையால்தான் கூடுதலாகப் போயிருக்கிறது. உன் அறைத் தோழன் கேக் சுடும் பெட்டி வாங்கியிருப்பதாகப் போன கடிதத்தில் எழுதினாய், அதனால் இதையும் சொல்லி வைக்கிறேன். மாவைக் கிளறிவிட்டுக் கரண்டியால் மெதுவாக டின்னில் போடு. கத்தியின் முதுகால் மேலே வழித்துவிடு. தட்டாதே, குலுக்காதே, அழுத்தாதே. பழுப்புச் சீனியை மட்டும்தான் அழுத்தி அளக்க வேண்டும். கொக்கோத் தூளும் மாவைப் போலத்தான், தட்டினால் பாதாளத்துக்குப் போகும். ஒரு சாமானுக்குச் சொன்ன டின் கணக்கை இன்னொரு சாமானுக்குப் போடாதே. மழைக்காலத்தில் திறந்து வைத்த மாவு ஈரம் இழுத்துக் கட்டிக்கொள்ளும், அதை அளக்கவே அளக்காதே. முடிந்தால் ஒரு தராசு வாங்கு. வாங்கும்போது காலித் தட்டில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து வாங்கு, கடைக்காரன் பேச்சைக் கேட்டு வாங்காதே.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறாயா? எனக்கு அதற்கு மேல்தான் ஆரம்பித்தது. அளவு சரி, சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் நான் தட்டியதை அவள் பார்த்தாள். தட்டினால் கேக் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். தெரியாமல் தப்பாகச் சொன்னவளை மன்னிக்கலாம். தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தவளை என்ன செய்வது? அப்பாவிடம் சொன்னேன். "அவளும் பாத்தா, நீயும் அவ பாத்தத பாத்தே. ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. இதுல யாரு பெரிய கள்ளின்னு நான் என்னத்தச் சொல்ல?" என்றார். அந்த மனுஷனிடம் நியாயம் கேட்கப் போனேன் பார். கொஞ்ச நாளில் புக்கிட் மேராவில் நமக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது. போகும்போது லோகத்திடம் சொல்லிக்கொள்ளாமல்தான் போனேன். நீ அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாய். அதுவும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். தேக்காவில் இறங்கி, பூவும் பழமும் வாங்கிக்கொண்டு அதே மாடிப்படியில் ஏறினேன். லோகம் கதவைத் திறந்தாள். தலை நரைத்துவிட்டது. "வாங்கக்கா" என்றாள், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்ததுபோல. உள்ளே உட்காரவைத்துத் தேநீரும் கேக்கும் கொண்டுவந்தாள். பினாங்குக்காரர்களுக்கு வெட்டியதில் மிச்சமோ என்று துண்டின் ஓரத்தைப் பார்த்தேன். புதிதாகத்தான் இருந்தது. நீ சொல்லி அனுப்பிய விஷயத்தைப் பேசுவதற்குத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு. "லோகம், அன்னிக்கு நான் மாவத் தட்டுனத நீ பாத்த. ஏன் சொல்லல?"

அவள் தடுமாறவில்லை. "பாத்தேன்க்கா. சொல்லத்தான் வந்தேன். அதுக்கு முந்தின மாசம், நீங்க பணியாரத்துக்குப் போடுற பேக்கிங் பவுடர் பழசாயிடுச்சு, வேற வாங்குங்கன்னு சொன்னேன். 'கடைக்காரன் உனக்கு எவ்வளவு குடுக்குறான்'னு கேட்டீங்க. அன்னிக்கு முழுக்க எனக்குச் சோறு எறங்கல. மாவக் கொறைங்கன்னு சொல்லியிருந்தா என்ன நெனச்சிருப்பீங்க? நெஜத்தச் சொல்லுங்க."

பேக்கிங் பவுடர் விஷயம் எனக்கு ஞாபகமில்லை. ஆனால் கேட்டிருப்பேன், நான் கேட்கக்கூடிய கேள்விதான். "எங் கேக்கக் கெடுக்கத்தான் கொறைக்கச் சொல்றேன்னு நெனச்சிருப்பேன்" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. லோகம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. உங்க பையனக் கொற சொல்ல மாட்டேன். ஆனா எம் பொண்ணு உங்க வீட்டுக்கு வந்து, இது இப்படி இல்ல அத்தைன்னு ஒரு வார்த்த சொன்னா, நீங்க அவள நம்புவீங்களா? அதுக்குப் பதில் சொல்லுங்க. மத்தத அப்புறம் பேசுவோம்."

நான் அவளை விசாரிக்கப் போனேன், அவள் என்னை விசாரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பினாங்கு வரன் மனதில் வந்தது. நீ வயதாகிப்போய் அந்த ஈப்போ அறையில் தனியாகத் தேநீர் போட்டுக் குடிப்பதும் வந்தது. நம்புவேன் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடும். ஆனால் அவள் நம்பமாட்டாள், நானே நம்பமாட்டேன். "எடுத்த எடுப்புல நம்ப மாட்டேன் லோகம். ஆனா அவ சொல்றதக் கேப்பேன். கேட்டுட்டு, அப்புறந்தான் சந்தேகப்படுவேன்" என்றேன். லோகம் என் தேநீர்க் கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தாள். சம்மதமா இல்லையா என்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் போகலாம் என்று எழுந்து வாசல் பக்கம் திரும்பினேன்.

அப்போது உள்ளறைத் திரை விலகியது. மாலதி வந்தாள். மருத்துவமனை வேலைக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன், அவ்வளவு நேரமும் உள்ளேதான் இருந்திருக்கிறாள். தாதி உடையில் நேராக என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "அத்தை, உங்க சேலை பின்னால நல்லாக் கிழிஞ்சிருக்கு. பஸ் சீட்டுல மாட்டியிருக்கும். உள்பாவாடை தெரியுது" என்றாள்.

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பெண் கேட்டு வந்தவளை அம்மாவும் மகளும் பேசி வைத்துக்கொண்டு அவமானப்படுத்துகிறார்கள் என்றுதான் தோன்றியது. பிறகு கை தானாகப் பின்னால் போனது. கை நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. பஸ்ஸிலிருந்து எத்தனை பேர் என் பின்னால் இறங்கினார்கள், தேக்கா கூட்டத்தில் எவ்வளவு தூரம் நடந்தேன், பூக்காரி என்னோடு எவ்வளவு நேரம் பேரம் பேசினாள். ஒருவரும் சொல்லவில்லை. லோகம்கூடக் கதவிலிருந்து என் பின்னாலேயே நடந்து வந்தவள்தான். அவளைத் திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

மாலதி என் பின்னால் மண்டியிட்டுச் சட்டையிலிருந்து ஊக்கை எடுத்தாள். முதுகை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, லோகத்தைப் பார்த்து, "உம் பொண்ண எங்க வீட்டுக்குக் குடு லோகம்" என்று கேட்டேன். லோகம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சரியென்று தலையை ஆட்டினாள். "அசையாதீங்க அத்தை, குத்திடும்" என்றாள் மாலதி.

நான் அசையவில்லை.

அம்மா